மலையிலிருந்து வந்த ரிவால்வர்

கோடைக்கானலுக்குப் போகிறவர்கள் வெறுங்கையோடு திரும்புவதில்லை. பேரிக்காய், பிளம்ஸ், யூகலிப்டஸ் தைலம், மலைப்பூண்டு, மலை வாழைப்பழம் என்று பை நிறையக் கொண்டு வருவார்கள். நாம் பழனி மலையிலிருந்து ஒரு ரிவால்வர் வாங்கி வந்தோம். நேயர்கள் கலவரமடைய வேண்டாம். அது யாரையும் சுடுவதற்காக வாங்கியதல்ல. காகிதத்தைச் சுடுவதற்காக வாங்கியது. காகிதத்தைப் பேனாவினால் பாழாக்குவதே தொழிலாகக் கொண்ட நமக்கு, அதைத் துப்பாக்கியாலும் பாழாக்கிப் பார்க்கலாமே என்ற ஆசை உண்டானதில் ஆச்சரியம் என்ன?

விற்றவர் தாண்டிக்குடிப் பக்கத்தில் காப்பித் தோட்டம் வைத்திருக்கும் ஒரு பெரியவர். ஊருக்குக் கப்பலேறிய வெள்ளைக்காரத் தோட்டக்காரர் ஒருவரிடமிருந்து அவருடைய தகப்பனார் வாங்கியதாம். பர்மிங்ஹாம் நகரத்து வெப்ளி ஸ்காட் கம்பெனியின் 'மார்க் 4'; .22 அளவுத் தோட்டா, ஆறு அங்குலக் குழல், ஆறு அறைகள். பக்கத்திலுள்ள தாழ்ப்பாளைக் கட்டைவிரலால் அழுத்தினால், பாக்குவெட்டி திறப்பது போல் நடுவில் மடிந்து, வெந்த தோட்டாக் கூடுகளைத் தானே வெளியே தள்ளிவிடும்.

"இதற்குக் கண்ணை மூடிக்கொண்டு பணம் கொடுக்காதீர்கள், ஐயா. மூன்றைப் பாருங்கள்" என்றார் பெரியவர். "சுத்தியல் பின்னுக்கு இழுபட்டு நிற்கும்போது உருளை ஆடக் கூடாது. ஒவ்வொரு அறையும் குழலுக்கு நேரே வந்து நிற்க வேண்டும். இல்லாவிட்டால் ஈயத்தைச் சீவி முகத்தில் தெறிக்கும். மூன்றாவது, அறை வாயின் ஓரத்தைப் பாருங்கள். அங்கே வடு இருந்தால் வேண்டாம்."

மூன்றாவதன் காரணத்தைச் சொல்ல வேண்டும். இந்த வகைத் தோட்டாவுக்கு 'ரிம்பயர்' என்று பெயர். விளிம்பில் தீப்பற்றுவது என்று பொருள். பெரிய தோட்டாக்களுக்கு அடிப்பாகத்தின் நடுவே தனிக் குமிழ் ஒன்று இருக்கும். இதற்கு அது கிடையாது. பித்தளைக் கூட்டின் அடிவிளிம்பு உள்ளே வெற்றாக இருக்க, தீப்பற்றும் மருந்து அதற்குள் பரவியிருக்கும். சுத்தியல் விளிம்பை நசுக்கியதும் மருந்து பற்றிக்கொள்கிறது. தோட்டா இல்லாத அறையில் விசையை இழுத்தாலோ, சுத்தியலின் முனை இரும்பிலேயே மோதி ஓரத்தில் வடு விழும். நசுங்குவதற்காகப் பித்தளை மெல்லியதாக இருப்பதால் பெரிய வெடியை அது தாங்காது. ஆகவே ரிம்பயர் தோட்டா சாதுவாகவே பிறந்தது. பாரிஸில் பிளோபேர் என்பவர் வீட்டுக் கூடத்தில் குறி பார்த்து விளையாடுவதற்காக 1845ல் இதன் முன்னோடியைச் செய்தார். அமெரிக்கப் பாதிரிமார் கோடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டியதும் அதே வருஷத்தில்தான். 1857ல் ஸ்மித் அண்டு வெஸ்ஸன் கம்பெனி இதற்கேற்ற ரிவால்வரைக் கொண்டு வந்தது. இன்று நாம் சுடும் '.22 லாங் ரைபிள்' தோட்டா 1887ல் பிறந்தது. அதன் குண்டு ஏறக்குறைய இரண்டரை கிராம்.

பேரம் ஒரு மணி நேரத்தில் முடிந்தது. சர்க்கார் காரியம் அப்படி முடியுமா? 1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி, விற்பவர் ஜில்லா மாஜிஸ்திரேட்டுக்கோ அருகிலுள்ள போலீஸ் ஸ்டேஷனுக்கோ எழுதித் தெரிவித்து, நாற்பத்தைந்து நாள் சென்ற பிறகே பொருள் கை மாறலாம். வாங்குகிறவரிடம் லைசென்ஸ் இருக்க வேண்டும். தேர்தல் வந்தால் ரிவால்வர் போலீஸ் ஸ்டேஷனுக்கு விருந்துக்குப் போகும். இதையெல்லாம் கேட்டு நண்பர்கள் சலித்துக்கொள்கிறார்கள். நமக்குச் சலிப்பு உண்டாகவில்லை.

ஏனெனில் 1878ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம் நமக்கு ஞாபகம் இருக்கிறது. இந்தியன் லைசென்ஸ் வாங்க வேண்டும், ஐரோப்பியனுக்கு வேண்டியதில்லை. இந்த மலையில் வரையாட்டையும் காட்டெருமையையும் துரைமார் சுட்டுத் திரிந்த காலத்தில், காட்டுப்பன்றியிடமிருந்து தன் வயலைக் காக்க விரும்பிய குடியானவன் மனுவும் கையுமாக நின்றான். 1931ல் கராச்சி காங்கிரஸ், ஒழுங்குமுறைகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்துக்கொள்வதைப் பிரஜைகளின் உரிமைகளில் ஒன்றாகச் சேர்த்தது. ஆனால் 1948 டிசம்பரில் எச். வி. காமத் அரசியல் நிர்ணய சபையில் அதே உரிமையைக் கேட்டபோது டாக்டர் அம்பேத்கர் இசையவில்லை. எல்லாருக்கும் உரிமை என்று எழுதிவிட்டால் கொள்ளைக்காரனும் அதைக் கேட்பானே என்பது அவருடைய வாதம். அது நியாயமென்றே நமக்குப் படுகிறது. அன்றைய லைசென்ஸ் அவமானமாக இருந்தது, மனிதனின் நிறத்தைப் பார்த்து விதிக்கப்பட்டதனால். இன்றைய லைசென்ஸ் எல்லாருக்கும் பொது; அதற்காக வரிசையில் நிற்பதில் அவமானமில்லை.

பழனி மலையையும் கைத்துப்பாக்கியையும் சேர்த்து நினைக்கும் தமிழனுக்கு மணியாச்சி ஞாபகம் வராமல் இராது. 1911 ஜூன் 17ந் தேதி திருநெல்வேலி கலெக்டர் ஆஷ் தம் மனைவியுடன் கோடைக்கானலுக்குத்தான் புறப்பட்டிருந்தார். மணியாச்சி ஜங்ஷனில் வாஞ்சிநாதனின் பெல்ஜியம் நாட்டு பிரௌனிங் துப்பாக்கி அந்தப் பிரயாணத்தை முடித்தது. வாஞ்சியின் உயிரையும் அதுவே முடித்தது. வாஞ்சிக்குப் பாண்டிச்சேரியில் சுடக் கற்றுக் கொடுத்தவர் வ. வே. சு. ஐயர் என்பார்கள். அதே ஐயர் பின்னாளில் காந்தியடிகளின் வழியை ஏற்றார். குறி தெரியாததனால் ஆயுதத்தைக் கீழே வைத்தவரல்ல அவர். குறி தெரிந்தும் வைத்தவர். துப்பாக்கியைக் கையில் எடுக்கும்போதெல்லாம் இதை நாம் எண்ணிக்கொள்வதுண்டு.

வீட்டில் ஆக்ஷேபம் எழுந்தது. "குழந்தைகள் நடமாடும் வீட்டில் இது எதற்கு?" என்ற கேள்விக்குச் சரித்திரம் பதிலாகாது. கடைசியில் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. ரிவால்வர் சுவரோடு முடுக்கிய இரும்புப் பெட்டியில்; சாவி நம்மிடம். தோட்டா வேறோர் அறையில், வேறொரு பெட்டியில்; சாவி வீட்டம்மாளிடம். மாண்டேகு சீர்திருத்தத்தில் தோற்றுப்போன இரட்டை ஆட்சி நம் இல்லத்தில் செவ்வையாக நடந்து வருகிறது.

மலையில் வாங்கியதை மலையில் சுடுவதற்கில்லை. 1972ல் வனவிலங்குச் சட்டம் வந்தது. 2013ல் கோடைக்கானல் காடுகள் சரணாலயமாயின. எழுத்து மூலமான அனுமதியின்றி ஆயுதத்தோடு அங்கே நுழைவதே குற்றம். இன்று காட்டெருமைகள் ஏரிக்கரைச் சாலையிலேயே சாவகாசமாக உலாவுகின்றன. மனிதர்கள்தாம் ஒதுங்கி வழிவிடுகிறார்கள். ஆகவே நாம் சமவெளியில், ரைபிள் கிளப்பின் மண்மேட்டுக்கு முன்னால்தான் சுடுகிறோம்.

இருபத்தைந்து மீட்டர் தூரத்தில் காகிதம். அதில் பத்து மார்க்குக்குரிய வட்டத்தின் குறுக்களவு ஐந்தே சென்டிமீட்டர். ஏறக்குறைய ஒரு கிலோ எடையுள்ள ரிவால்வரை ஒரே கையில் நீட்டிப் பிடித்தால், நாடி துடிப்பதெல்லாம் குழலின் முனையில் தெரியும். சுத்தியலைக் கட்டைவிரலால் இழுத்து நிறுத்திவிட்டால் விசை இலேசாகிவிடும். பிறகு விசையை இழுக்கக் கூடாது. அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். எப்போது வெடிக்கும் என்று நமக்கே தெரியாதபோது குண்டு நடுவில் போய் விழுகிறது. 'இப்போது!' என்று மனம் அவசரப்பட்டால் வட்டத்துக்கு வெளியே போகிறது. கடன்காரன், பத்திரிகை ஆசிரியர், பையனின் பரீட்சை எல்லாம் அந்த அரை நிமிஷம் மறந்து போகின்றன. 2012ல் லண்டன் ஒலிம்பிக்ஸில் விஜய்குமார் இதே .22 ரிம்பயர் தோட்டாவால், இதே தூரத்தில், அதிவேகப் போட்டியில் வெள்ளிப் பதக்கம் வாங்கினார். நமக்குப் பதக்கம் வேண்டாம். ஆறு குண்டுகளும் ஓர் உள்ளங்கைக்குள் விழுந்துவிட்டால் அன்றைக்குச் சாப்பாடு ருசிக்கிறது.

அங்கே இன்னொரு காட்சியும் உண்டு. களத்தின் பொறுப்பாளர் "நிறுத்துங்கள்" என்று ஒரு வார்த்தை சொல்கிறார். வக்கீல், வியாபாரி, போலீஸ் உத்தியோகஸ்தர், கல்லூரி மாணவி எல்லாரும் அந்தக் கணமே விசையிலிருந்து விரலை எடுத்து, துப்பாக்கியைத் திறந்து, தோட்டாவை அகற்றி, மேஜைமேல் வைத்துவிட்டுப் பின்வாங்குகிறார்கள். பாதி அழுத்திய விசையானாலும் விட்டுவிட வேண்டியதுதான். குறி பார்ப்பதைவிட இதைக் கற்றுக்கொள்ளத்தான் நமக்கு அதிக நாள் பிடித்தது.