இழுத்துப் பிடித்த விசை

கோடை விடுமுறையின் இறுதியில், கொடைக்கானலினின்று வத்தலக்குண்டு நோக்கி எங்கள் காரை யான் ஓட்டி வந்தேன். அருகில் அன்னையார் அமர்ந்திருந்தார். இறக்கத்தில் நீர்ப்புட்டியொன்று இருக்கையின்கீழ் உருண்டு வந்து, பிரேக் மிதியின் அடியிற் சிக்கிக்கொண்டது. மிதித்தேன், மிதி இறங்கவில்லை. எதிரே கொண்டையூசி வளைவு!

மனங் கலங்கி, வண்டியை நிறுத்தி வைத்தற்குரிய ‘பி’ என்னும் பொத்தானை அழுத்தினேன். வண்டி அதனை ஏற்கவில்லை. ஏற்காததும் நன்றே. அப்பொத்தான் கியர்ப்பெட்டியினுள் ஒரு சிறு இரும்புக் கொக்கியைப் பற்சக்கரத்திற் செருகுவது. வண்டி விரைந்தோடுகையில் அது பற்களின்மேல் தட்டித் தெறிக்குமேயன்றி, வண்டியை நிறுத்தாது, முறிதலுங் கூடும். ஆதலின் இக்கால வண்டிகள் பலவும் ஓட்டத்தில் அக்கட்டளையை மறுத்துவிடுகின்றன.

அப்பொழுது, வண்டியின் கையேட்டில் என்றோ படித்தது நினைவிற்கு வந்தது. மின்சாரக் கைப்பிரேக்கின் விசையை மேலே இழுத்து, விடாது பிடித்தேன். எச்சரிக்கை மணி ஒலித்தது. வண்டியின் கணினி நான்கு சக்கரங்களையும் அளவறிந்து அடக்க, வளைவிற்கு முன்னரே வண்டி நேராக நின்றது. பழைய கைப்பிரேக்கை அவ்வாறு இழுத்திருப்பின், பின்சக்கரங்கள் மட்டும் பூட்டிக்கொண்டு வண்டி சறுக்கியிருத்தலுங் கூடும்.

அன்னையார் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், “புட்டியை அங்கே போட்டது யார், அப்பா?” என்று மெல்லக் கேட்டார். யானே போட்டேன்.

நண்பர்களே, கையேட்டை இன்றே படியுங்கள். இடர் வந்தபின் படிக்க நேரமிராது. புட்டியையும் அதற்குரிய இடத்தில் வையுங்கள்.