பச்சை மண்ணில் விழும் கோடு

மாசி பிறந்துவிட்டால் விருதுநகர் வட்டாரச் சூளைகளில் வேலை சூடுபிடித்துவிடும். அடுத்து வரும் பராசக்தி மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்கு ஊரே அக்கினிச்சட்டி எடுக்கும். கூடவே கோடைக்கான தண்ணீர்ப்பானைகளும் தயாராக வேண்டும்.

நான் போன, மண்பாண்டம் வனையும் வேளார் வீட்டு முற்றத்தில், பெரியவர் ஒருவர் சுட்டெடுத்த சட்டிகளுக்குச் சுண்ணாம்புக் கரை போட்டுக்கொண்டிருந்தார். தூரிகையைத் தொடுமுன் ஈரத்துணியால் சட்டியை ஒருமுறை துடைத்தார்.

“மண்ணு தாகமா இருக்கும் தம்பி. மொதல்ல தண்ணி காட்டணும். இல்லேன்னா சுண்ணாம்புத் தண்ணிய உறிஞ்சிரும், கோடு பாதியில நின்னுரும்.”

பிறகு சட்டியைச் சக்கரத்தில் வைத்து மெல்லச் சுழற்றினார். தூரிகை பிடித்த கை அசையவில்லை. சட்டிதான் கோட்டை இழுத்துக்கொண்டது. ஈரத்தில் மங்கலாகத் தெரிந்த கோடு, காயக் காய வெளுத்தது. மெருகு பூசிய பீங்கானில் தவறைத் துடைத்துவிடலாம். வெறும் மண் குடித்ததைத் திருப்பித் தராது.

தண்ணீர்ப் பந்தலுக்குப் போகும் பானைகளில் உபயதாரர் பெயர் எழுதுவது அவர் மகனின் வேலை. எழுத்துகளை எண்ணி, நடு எழுத்தை முதலில் குறித்துக்கொண்டு இருபக்கமும் நகர்கிறார். பெயர் தோளில் மட்டும், சின்னதாக. பானை குளிர்வதே மண்ணின் நுண்துளைகளில் நீர் கசிந்து ஆவியாவதால்தான். எனாமல் பெயிண்ட் அவற்றை அடைத்துவிடும். “பேரப் பெருசா எழுதுனா தண்ணி சுடும்ணே” என்றார்.

இதே மாவட்டத்தில், சிவகாசிக்கு அருகே பட்டாசு ஆலைகள் சூழ்ந்த வெம்பக்கோட்டையில், வைப்பாற்றங்கரை மேட்டில் 2022இல் தமிழகத் தொல்லியல் துறை அகழாய்வைத் தொடங்கியது. சங்கு வளையல், கண்ணாடி மணிகளோடு பானை ஓடுகளும் கிடைத்தன. பழைய ஓடுகளில் காணும் கீறல் குறியீடுகளையும், கீழடியில் ‘ஆதன்’, ‘குவிரன்’ என்று பழைய தமிழி எழுத்தில் கீறிய பெயர்களையும் பற்றிப் பெரியவரிடம் சொன்னேன்.

அவர் அரைகுறையாகக் காய்ந்த பானை ஒன்றில் ஆணியால் கோடிழுத்தார். விளிம்பில் மண் மெல்லிய வரப்பாக ஒதுங்கியது. சுட்ட ஓட்டில் இழுத்தார். ஆணி கிறீச்சிட்டது, விளிம்பு பொடிந்து உதிர்ந்தது. ஆய்வாளர்களும் இந்த வேறுபாட்டைக் கொண்டுதான் கீறல் சுடுமுன் விழுந்ததா, சுட்டபின் விழுந்ததா என்று பிரிக்கிறார்கள். சுடுமுன் என்றால் அது பானை வனைந்த இடத்திலேயே விழுந்த கோடு. சுட்டபின் என்றால், வாங்கிப் புழங்கியவரே தம் பெயரைக் கீறியிருக்கலாம். எழுத்து யார் கையில் இருந்தது என்ற பெரிய கேள்விக்கான தடயம், அந்த விளிம்பின் பொடியில் இருக்கிறது.

தொல்லியல் கண்காட்சிகளில் ஓடுகளைக் கண்ணாடிக்குள் வைத்துப் பெயர்ச்சீட்டு ஒட்டுகிறோம். பக்கத்திலேயே ஒரு வேளாரைச் சக்கரத்தோடும் ஆணியோடும், உரிய ஊதியம் கொடுத்து உட்காரவைக்க வேண்டும். பார்க்க வரும் பிள்ளைகள் பச்சை மண்ணில் ஒன்று, சுட்ட ஓட்டில் ஒன்று என்று தங்கள் பெயரைக் கீறிப் பார்க்கட்டும். பெயர்ச்சீட்டு சொல்லாததை அவர்கள் விரல் கற்றுக்கொள்ளும்.