கூப்பிட ஒரு ஆள்



எங்க அப்பத்தாவுக்கு ஆம்பளை சைக்கிள் ஓட்டத் தெரியும். வகுப்பில் சொன்னேன், யாரும் நம்பலை. அதனால் எழுதியே ஒட்டிவிட்டேன்.

1991-ல் நம்ம புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. அப்போது கலெக்டர் ஷீலா ராணி சுங்கத். சம்பளம் வாங்காத தொண்டர்கள் ஊர் ஊராகப் போய்ப் பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். பெண்கள் சைக்கிளும் கற்றுக்கொண்டார்கள். 1992 மகளிர் தினத்தில் 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் புதுக்கோட்டை டவுனுக்குள் சைக்கிளில் வந்தார்கள். மாவட்டத்தில் ஒரு லட்சத்துக்கும் மேல் பெண்கள் சைக்கிள் பழகியதாகப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார்.

"கலெக்டர் சொன்னதால போனீங்களா அப்பத்தா?" என்று கேட்டேன்.

"கலெக்டரை நான் எங்கடி பாத்தேன்? பக்கத்து வீட்டு மதினி வந்து கையப் பிடிச்சு இழுத்தா, போனேன்" என்றார்கள்.

அப்போது அப்பத்தா கருவாட்டுக் கூடையைத் தலையில் வைத்து ஊர் ஊராக நடந்து விற்றார்கள். சின்ன அத்தை கைக்குழந்தை. ராத்திரி வகுப்புக்குப் போக வெட்கம், பிள்ளையை விட்டுட்டுப் போகவும் வழி இல்லை. "எங்க ஆத்தா பாத்துக்கும், நீ வா" என்று மதினி சொன்னார்களாம். அந்த ஒரு வார்த்தையில்தான் எல்லாம் மாறியது.

வாடகை சைக்கிள் எடுத்து, மதினி பின்னால் கேரியரைப் பிடிக்க, அப்பத்தா பழகினார்கள். விழுந்த தழும்பு முட்டியில் இன்னும் இருக்கு. ஊர் சிரித்ததாம். "ஒத்தையாப் போனாத்தான் சிரிப்பு காதுல விழும். ரெண்டு பேராப் போனா விழாது" என்பார்கள். பிறகு கருவாடு கேரியரில், சின்ன அத்தை முன்னால் பாரில். கணக்கும் தெரிந்ததால் யாவாரி ஏமாற்ற முடியலை. சின்ன அத்தை பிளஸ் டூ வரை படித்தது.

இனி என் தோழியின் கதை. பேர் எழுத வேண்டாம் என்றாள்.

வருஷா வருஷம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கடலுக்குப் போகாது. அவள் வீட்டில் இந்த வருஷம் கடன் ஏறிவிட்டது. அவள் அம்மா விடியக்காலையே மீன் பிரிக்கிற வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள். தம்பிக்கு ஒரு வயசு. அங்கன்வாடியில் சேர்க்கும் வயசும் வரலை. அதனால் பள்ளி திறந்தும் தோழி வரலை. டீச்சர் இரண்டு தடவை வீட்டுக்குப் போனாங்க. "நாளைக்கு அனுப்புறேன் டீச்சர்" என்றே பதில் வந்தது.

அப்பத்தாவிடம் சொல்லி அழுதேன். அவங்க ஒண்ணும் பேசலை. மறுநாள் காலையில் பார்த்தால் அவள் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வருகிறார்கள்! "அன்னைக்கு என் பிள்ளைய ஒரு ஆத்தா பாத்துச்சு. அந்தக் கடன் இன்னும் பாக்கி இருக்குடி" என்றார்கள்.

தோழி இப்போது என் பக்கத்தில்தான் உட்காருகிறாள். விட்டுப்போன கணக்குகளைச் சேர்ந்து போடுகிறோம். ஆனால் அப்பத்தாவுக்கு முட்டிவலி வரும் நாளில் அவள் வருவதில்லை. அதற்காக இன்னும் இரண்டு வீட்டில் பேசி வைத்திருக்கிறோம்.

ஊர் கூடித்தான் தேர் இழுக்கணும் என்பார்கள். எவ்வளவு பெரிய திட்டமும் நம்ம தெருவரைக்கும்தான் வரும். வாசலில் நின்று கூப்பிட ஒரு தெரிந்த ஆள் வேணும். உங்க தெருவில் யாராவது பள்ளிக்கு வராமல் இருந்தால், ஏன் வரலைன்னு மட்டும் கேட்காதீங்க. பிள்ளையை யார் பாத்துக்கிறதுன்னும் கேளுங்க.



– 9-ஆம் வகுப்பு மாணவி, ஜெகதாப்பட்டினம்