அக்காவும் மேனேஜர்தான்

மேனேஜர் என்றால் எங்கள் எஸ்டேட்டில் ஜீப்பில் வருபவர். கொழுந்து எடை குறைந்தால் சத்தம் போடுவார். அதனால் பெரியம்மா மகள் கோயம்புத்தூரில் சாப்ட்வேர் மேனேஜர் ஆனதும், "நீயும் திட்டுவியாக்கா?" என்று கேட்டேன். சிரித்தாள்.

பொங்கல் லீவுக்குக் குன்னூரில் எங்க லைன் வீட்டுக்கு வந்திருந்தாள். ராத்திரி போன் வந்தது. அவள் குழுவில் ஒரு பையன் எழுதிய புரோகிராமில் தப்பு. கடைக்காரர்களுக்கு ஒரே பில் ரெண்டு தடவை போயிருச்சாம். அக்கா வாசலில் பனியில் நின்று, "நான் சரியா பார்க்கல சார்" என்று பெரிய அதிகாரியிடம் சொன்னாள். பையன் பேரைச் சொல்லவே இல்லை! அப்புறம் விடியும்வரை அவனோடு பேசிப் பேசியே சரி செய்தாள். (நான் கம்பளிக்குள் இருந்து கேட்டேன்.)

"தப்பு நடக்கும்னு முன்னாடியே யோசிக்கணும், அதுதான் என் வேலை" என்று காலையில் ஒரு கதை சொன்னாள். நிலவுக்குப் போன அப்பல்லோவுக்கு சாப்ட்வேர் எழுதிய குழுவின் தலைவி மார்கரெட் ஹாமில்டன். அவருடைய சின்ன மகள் விளையாட்டாகப் பட்டனை அமுக்க, பயிற்சிக் கருவி நின்றுபோனது. இதைத் தடுக்க புரோகிராமில் வழி செய்யணும் என்றார். வீரர்கள் அப்படித் தப்பு பண்ண மாட்டார்கள் என்று நாசா மறுத்தது. 1968 டிசம்பரில் அப்பல்லோ 8-ல் ஜிம் லவல் அதே தப்பைச் செய்தார்! ஹாமில்டன் குழுதான் உட்கார்ந்து வழி கண்டுபிடித்தது.

நான் வகுப்பு லீடர். பேசுகிறவர் பேரை போர்டில் எழுதுவேன். போன வாரம் எழுதியது என் தோழி பேரை. கணக்கு புரியாமல் பக்கத்தில் கேட்டாளாம். வெளியே நின்றாள். இன்னும் என்னோடு பேசவில்லை. திங்கட்கிழமை கணக்கு நோட்டோடு அவ பெஞ்சுக்குப் போகப் போறேன்.