ஐந்தாம் சக்கரம்

ஆண்டு மலருக்குக் கட்டுரை தருக என்ற அறிவிப்பு வந்ததும், தோழியர் பலரும் தாங்கள் போய் வந்த சுற்றுலாவைப் பற்றி எழுதப் போவதாகச் சொன்னார்கள். அக்காளும் தங்கையுமாகிய நாங்கள் இருவரும் இவ்வாண்டு விடுமுறையில் போய் வந்த இடங்கள் மூன்றே மூன்று: லாரிப் பட்டறை, எடைமேடை, வங்கி. ஆகவே அவற்றைப் பற்றியே எழுதத் துணிந்தோம். அருட்சகோதரிகளும் பெற்றோரும் பொறுத்தருள்க!

ஆலந்தலையில் பிறந்துவிட்டுக் கடலைப் பற்றி எழுதாமல் லாரியைப் பற்றியா எழுதுவது என்று கேட்பீர்கள். எங்கள் பெரியப்பா இன்றும் ஃபைபர் வள்ளத்தில் தொழிலுக்குப் போகிறவர்தாம். எங்கள் அப்பாவுக்கோ கடல் ஒத்துக்கொள்ளவில்லை. இளவயதிலேயே தூத்துக்குடிக்குப் போய், முதலில் கிளீனராகவும் பிறகு ஓட்டுநராகவும் டிரெய்லர் லாரியில் ஏறிவிட்டார். அந்தத் துறைமுகம் 1974 ஜூலை 11 அன்று இந்தியாவின் பத்தாவது பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. 2011 முதல் வ.உ.சிதம்பரனார் பெயரைத் தாங்கி நிற்கிறது. அதன் வாயில்களில் இரவும் பகலும் வரிசையாக நிற்கும் நீண்ட வண்டிகளைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் ஏதோ ஒன்றில், பிறர் வண்டியில், பிறர் சரக்கோடு, எங்கள் அப்பா பத்தொன்பது ஆண்டுகளைக் கழித்துவிட்டார்.

சென்ற ஏப்ரலில் மாமா விடுமுறையில் ஊருக்கு வந்தார். அவர் கப்பலில் வேலை பார்ப்பவர். “எத்தனை நாளைக்கு அத்தான் அடுத்தவன் வண்டியை ஓட்டுவிய? நான் பாதி போடுதேன், ஒரு வண்டி வாங்குங்க” என்றார். மீதிப் பாதிக்கு வங்கிக் கடன். அதற்கும் முன்பணம் போதாமல், அம்மாவின் வளையல்களும், எங்களில் மூத்தவளுடைய கல்லூரிப் படிப்புக்கென்று சேர்த்து வைத்திருந்த பணமும் மேசைமேல் வந்தன. பணம் மேசைக்கு வந்த பிறகு எங்களுக்கும் பேச உரிமை வந்துவிட்டது என்று நாங்களாகவே முடிவு செய்துகொண்டோம்.

அன்று அப்பா வாயிலிருந்து ‘ஃபிப்த் வீல்’ என்ற சொல்லைக் கேட்டோம். ஐந்தாவது சக்கரம் என்றால் ஸ்டெப்னிதானே என்றாள் இளையவள். அப்பா சிரித்தார், மறுநாள் பட்டறைக்கு அழைத்துப் போய்க் காட்டினார்.

டிரெய்லர் லாரி என்பது ஒரே வண்டி அன்று, இரண்டு வண்டிகள். முன்னால் இழுவை லாரி. பின்னால் முன்சக்கரமே இல்லாத டிரெய்லர். இழுவை லாரியின் முதுகில், பின் அச்சுக்கு மேலே, குதிரை லாடம் போன்ற வடிவில் கனத்த இரும்புத் தட்டு ஒன்று கிரீஸ் பூசிக்கொண்டு படுத்திருக்கிறது. அதுவே ஐந்தாம் சக்கரம். குதிரை வண்டிக் காலத்தில் முன் அச்சு திரும்புவதற்காக வண்டிக்கு அடியில் வட்டமாக ஓர் இரும்பு வளையம் கிடைமட்டமாக இருக்குமாம். அந்தப் பெயர்தான் இன்னும் நிற்கிறது. டிரெய்லரின் அடிவயிற்றிலிருந்து கிங் பின் என்னும் தடித்த முளை ஒன்று கீழே நீட்டிக்கொண்டிருக்கும். இழுவை லாரி மெல்லப் பின்னால் வரும்போது அந்த முளை தட்டின் பிளவுக்குள் புகுந்து, தாடை போன்ற பிடியில் ‘டக்’கென்று மாட்டிக்கொள்கிறது. இத்தனை பெரிய வண்டியைச் சேர்த்து வைப்பது உள்ளங்கைக்குள் அடங்கும் ஓர் இரும்பு முளை! இரண்டங்குலப் பின்னும் உண்டு, மூன்றரை அங்குலப் பின்னும் உண்டு. தாடை எதற்குச் செய்ததோ அது மட்டுமே அதில் பொருந்தும்.

உப்பளத்தில் டிராக்டர் இழுத்துப் போகும் நான்கு சக்கரப் பெட்டியை நாம் எல்லாரும் அறிவோம். அது தன் எடையைத் தன் சக்கரங்களிலேயே சுமந்துகொள்கிறது. டிராக்டர் இழுத்தால் போதும். ஐந்தாம் சக்கர வண்டி அப்படியன்று. டிரெய்லருக்கு முன்சக்கரம் இல்லாததால், அதன் முன்பக்கத்து எடை முழுவதும் இழுவை லாரியின் முதுகில் ஏறுகிறது. இழுப்பது வேறு, சுமப்பது வேறு. இந்த லாரி இரண்டையும் செய்தாக வேண்டும்.

மாமா தம் கைப்பேசியில் ஒரு படம் காட்டினார். ஹூஸ்டன் துறைமுகத்திற்குப் போயிருந்தபோது சாலையோரத்தில் எடுத்ததாம். நம் ஊர் மீன் வண்டியைவிடச் சற்றே பெரிய பிக்கப் வண்டி ஒன்று ஒரு வீட்டையே இழுத்துக்கொண்டு நிற்கிறது! உள்ளே கட்டில், அடுப்பு, குளியலறை எல்லாம் உண்டாம். ஓய்வு பெற்றவர்கள் மாதக்கணக்கில் அதிலேயே ஊர் சுற்றுவார்களாம். அதிலும் இதே ஐந்தாம் சக்கரந்தான். பிக்கப்பின் திறந்த தொட்டிக்குள், பின் அச்சுக்கு மேலே பொருத்தியிருக்கிறார்கள். வீட்டின் மொத்த எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அந்த வண்டியின் முதுகில் இறங்குமாம். “இவ்வளவு இழுக்கும் என்று விளம்பரத்தில் போட்டிருப்பதை மட்டும் பார்த்து வாங்குகிறவர்கள், எவ்வளவு சுமக்கும் என்பதைப் பார்க்க மறந்துவிடுகிறார்கள்” என்றார் மாமா. வீட்டை இழுத்துப் போகிறவர்களுக்கும் பெட்டியை இழுத்துப் போகிறவர்களுக்கும் கணக்கு ஒன்றுதான் போலும். அம்மா அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, “தண்ணிக்கு என்ன செய்வாவ?” என்று மட்டும் கேட்டார்கள்.

வண்டி தேடும் படலம் தொடங்கியது. மூன்றாவது வாரம் ஒரு புரோக்கர் வந்தார். இழுவை லாரியும் நாற்பது அடி டிரெய்லரும் சோடியாகவே கிடைக்கிறதென்றார். மற்ற இடங்களில் கேட்ட விலையைவிட நான்கு லட்ச ரூபாய் குறைவு. புதுப் பெயிண்ட், டிரெய்லரில் மூன்று அச்சு, பன்னிரண்டு டயர். நான்கு லட்சம் மிச்சமென்றால் வளையல்கள் பெட்டிக்குத் திரும்பும். கல்லூரிப் பணமும் பிழைக்கும். உண்மையைச் சொன்னால், எங்கள் இருவருக்குமே அந்த வண்டியை அப்போதே பிடித்துப் போயிற்று.

அன்று மாலை கரையில் வலை தைத்துக்கொண்டிருந்த பெரியப்பா, எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: “வள்ளம் ஒரு வெலை, எஞ்சின் ஒரு வெலைன்னு பாக்காத. சோடி சேருதான்னு பாரு. எங்க வள்ளத்துல பெரிய எஞ்சினை மாட்டுனா அணியம் தூக்கிக்கிட்டுப் பின்னால முங்கும். சின்னதை மாட்டுனா கடல்லயே கெடக்கணும்.”

அந்தச் சொல்லின் பேரில் நாங்கள் ஆர்.சி. புத்தகங்களின் நகல்களை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம். லாரிகளின் பெயரில் நான்கு எண்கள் இருக்கும். முதல் இரண்டு எத்தனை டன் வகை என்பதையும், கடைசி இரண்டு எத்தனை பத்துக் குதிரைத்திறன் என்பதையும் ஏறக்குறையக் காட்டும். புரோக்கர் காட்டியது 3518. அதாவது 35 டன், 180 குதிரைத்திறன். அதன் புத்தகத்திலும் டிரெய்லரோடும் சரக்கோடும் சேர்த்து 35,200 கிலோ என்றே இருந்தது. அந்த லாரி இரண்டு அச்சு டிரெய்லருக்காகப் பதிவானது. மூன்று அச்சு டிரெய்லரை யாரோ பிறகு கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள்.

இனி எங்கள் கணக்கு. நாற்பது அடிக் கப்பல் பெட்டிகள் பலவற்றின் கதவில் உச்ச எடை 30,480 கிலோ என்று எழுதியிருக்கும். வெறும் பெட்டி மட்டும் நாலு டன்னுக்குச் சற்றுக் குறைவு. டிரெய்லர் ஏறக்குறைய ஆறரை டன். இழுவை லாரி ஏழு டன். எல்லாம் சேர்ந்து 44 டன் வருகிறது. வண்டிக்கு உரிமை 35.2. அந்த வரம்புக்குள் நிற்க வேண்டுமானால், பெட்டிக்குள் 18 டன் சரக்குக்கூட ஏற்ற முடியாது. பாதிப் பெட்டிக்கு யார் முழு வாடகை கொடுப்பார்கள்?

மூன்று அச்சு டிரெய்லருக்கு ஏற்ற துணை வேறு. 2018-ஆம் ஆண்டு அரசு அச்சுச் சுமை வரம்பை உயர்த்தியது. முன் அச்சுக்கு 7 டன், நான்கு டயர் உள்ள பின் அச்சுக்கு 11.5 டன், டிரெய்லரின் மூன்று அச்சுக்குச் சேர்த்து 27 டன். கூட்டினால் 45.5. அந்த வரம்புக்கென்றே செய்யப்பட்ட இழுவை லாரிகளின் பெயர் 46 என்று தொடங்கும். அதுவாக இருந்தால் எங்கள் 44 டன் உள்ளே அடங்கும்.

கூட்டுத்தொகை அடங்கினால் மட்டும் போதாதாம். இயற்பியல் வகுப்பில் நெம்புகோல் கணக்குப் போட்ட நோட்டைத் திருப்பினோம். பெட்டியும் டிரெய்லரும் சேர்ந்து 37 டன். டிரெய்லர் அச்சுகள் தாங்குவது 27. மீதம் 10 டன்னாவது ஐந்தாம் சக்கரத்தில் இறங்கியே தீரும். அந்தப் பத்தும் பின் அச்சில் மட்டுமே விழுந்தால், லாரியின் சொந்த எடையோடு சேர்ந்து 11.5-ஐத் தாண்டிவிடும். அதனால்தான் அந்தத் தட்டைப் பின் அச்சுக்குச் சற்று முன்னால் தள்ளிப் பொருத்துகிறார்கள். ஒரு பங்கு முன் அச்சுக்குப் போய்விடுகிறது. சில அங்குல இடைவெளியில் எவ்வளவு காரியம்! நம் முன்னோர் முத்தை மஞ்சாடி மஞ்சாடியாக நிறுத்த கரை இது. டன் கணக்கில் நிறுத்தாலும் நிறுவை நிறுவைதான்.

கணக்கை அப்பாவிடம் காட்டினோம். புரோக்கரும் இருந்தார். “பாப்பா, புத்தகத்தில் உள்ளபடியா எல்லாரும் ஓட்டுகிறார்கள்? இந்த வண்டி 44 டன் இழுத்திருக்கிறது” என்றார். அவர் சொன்னது பொய்யாகவும் இராது. அப்பா ஒன்றும் பேசவில்லை. நான்கு லட்சத்தை விட மனமில்லை என்றே நாங்கள் நினைத்தோம்.

அவர் போன பிறகு அம்மாதான் கேட்டார்கள்: “இழுக்கும் சரி. நிப்பாட்டுமா?”

அப்பா எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். பிறகு, எட்டு ஆண்டுகளாகச் சொல்லாத ஒன்றைச் சொன்னார்.

ஒரு நவம்பர் மாத இரவு. மழை. துறைமுகத்திலிருந்து தெற்கே வந்துகொண்டிருந்தார். அது யாருடைய வண்டி என்பது இங்கே வேண்டாம். உரிமைக்கு மேல் ஏழெட்டு டன் ஏற்றியிருந்தது. டிரெய்லரின் பிரேக் கட்டைகள் தேய்ந்திருந்தன. ஆத்தூர்ப் பாலத்தை நெருங்கும்போது எதிரே ஒரு சைக்கிள். அப்பா பிரேக்கை மிதித்தார். முன் லாரி பிடித்துக்கொண்டது. பின்னால் இருந்த டிரெய்லர் நிற்கவில்லை. அது முன் லாரியை முதுகில் தள்ளியது. ஐந்தாம் சக்கரம் எந்தப் பக்கமும் திரும்பக்கூடியது அல்லவா? லாரி பேனாக்கத்தி மடங்குவதுபோல் மடங்கி, பாலத்துக் கைப்பிடிச் சுவருக்கு ஒரு முழம் இருக்கும்போது நின்றது. கீழே தாமிரபரணி. சைக்கிள்காரர் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டாராம். அப்பா விடியும்வரை ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாராம்.

“இத்தன நாளும் இத ஏன் எங்கிட்டச் சொல்லல?” என்றார்கள் அம்மா.

“சொன்னா வண்டிக்கு விட்டிருப்பியா?”

அன்றிரவு செபமாலை வழக்கத்தைவிட மெல்லச் சென்றது. மறுநாள் காலையில் அப்பா புரோக்கருக்குத் தொலைபேசியில் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வளையல்கள் போயின. கல்லூரிப் பணத்தில் பாதி போயிற்று; மூத்தவள் உதவித்தொகைக்கு விண்ணப்பித்திருக்கிறாள்.

46 வகை லாரி ஒன்று, 2019-இல் வெளிவந்தது, ஜூன் மாதம் கிடைத்தது. டிரெய்லரைத் தனியே தேடினோம். முதலில் பார்த்ததில் பின் சரியாக இருந்தது. ஆனால் தட்டின் உயரம் ஒத்து வராமல் டிரெய்லர் மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. அப்படி நின்றால் பின்னச்சு கூடுதலாகச் சுமக்குமாம். பெட்டியின் உயரமும் கூடிவிடும். இரண்டாவதை மாட்டித் திருப்பிப் பார்த்தபோது, அதன் முன்மூலை ஓட்டுநர் அறையின் முதுகில் உரசியது. நேர்ச்சாலையில் ஓட்டிப் பார்த்தால் இது தெரியவே தெரியாது. பின்னிலிருந்து முன்மூலைவரை அளந்து, அந்த அளவு லாரியில் சுற்ற இடமிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நாங்கள் தையல் வகுப்பு டேப்பால் அளந்தோம், பட்டறைக்காரர்கள் சிரித்தார்கள், மூன்றாவது பொருந்திற்று.

முதல் சரக்கு ஆகஸ்டில். கப்பலேறும் பெட்டி ஒவ்வொன்றும் எடைபோட்டுச் சான்று தரப்பட வேண்டும் என்ற உலக விதி 2016 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிறது. ஆகவே பெட்டியின் எடை முன்னதாகவே கையில் இருந்தது. அப்பா லாரியை மெல்லப் பின்னால் கொண்டுவந்தார். ‘டக்’கென்ற ஓசை கேட்டது. காற்றுக் குழாய்களை மாட்டினார், டிரெய்லர் பிரேக்கைப் பிடித்து வைத்துக்கொண்டு லாரியை முன்னால் ஒருமுறை இழுத்துப் பார்த்தார், அசையவில்லை. அம்மா சேலையைச் செருகிக்கொண்டு, டார்ச்சோடு அடியில் குனிந்து, தட்டுக்கும் டிரெய்லருக்கும் நடுவே வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்தார்கள். தெரிந்தால் சரியாக உட்காரவில்லை என்று பொருள். “தெரியல, போலாம்” என்றார்கள். அதற்குப் பிறகே டிரெய்லரின் தாங்குகால்கள் மேலே ஏறின.

எடைமேடையில் வந்த எண் 43,860. அந்தச் சீட்டு இப்போது எங்கள் வீட்டுத் திரு இருதயப் படத்துக்குப் பின்னால் செருகியிருக்கிறது. ஒவ்வொரு நடைக்கும் ஒன்றாகச் சேர்ந்து, படம் சற்றே முன்னால் சாய்ந்துவிட்டது.