தமுக்கு நின்றது, செய்தியும் நின்றது

எங்கள் பெரியப்பா ஊருக்குத் தமுக்கு அடித்தவர். கூலி என்று தனியாகக் கிடையாது, அறுப்புக் காலத்தில் களத்து மேட்டில் அளந்து போடும் நெல்தான். ஊர்த்தெருவில் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு அவர் அடித்ததை நான் சிறுவயதில் பார்த்திருக்கிறேன்.

2022 ஆகஸ்ட்டில், அப்போது தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு, தண்டோரா வழக்கம் இனி கூடாது, வண்டியில் ஒலிபெருக்கி கட்டி அறிவிக்கலாம் என்று எல்லா மாவட்ட ஆட்சியர்களுக்கும் கடிதம் எழுதினார். அன்று இரவே முகநூலில் நீளமாக ஒரு பதிவு போட்டேன். இன்றும் அதில் ஒரு வரியைக்கூட மாற்ற மாட்டேன்.

அடுத்த வருடம் ஆகஸ்ட் 15 கிராம சபை. எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. காலனிக்கு என்று இரண்டு வருடமாகப் பேசிக்கொண்டிருந்த மினி டேங்க், அந்தக் கூட்டத்தில் கோயில் தெருவுக்குத் தீர்மானமாகிவிட்டது. கேட்டால், "வாட்ஸப் குரூப்ல போட்டோமே" என்றார்கள்.

அப்படி ஒரு குரூப் இருப்பதே எனக்குத் தெரியாது. சமூக ஊடகம் பற்றி மாணவர்களுக்கு வகுப்பு எடுக்கிறவன் நான்! விசாரித்தால், முந்நூறு பேர் போல இருக்கிறார்கள். எங்கள் தெருவில் தொண்ணூறு வீடு, அதில் நான்கு பேர். ஐந்தாவதாக என் அண்ணன் மகன் இருந்திருக்கிறான். காலனியில் தெருவிளக்கு எரியவில்லை என்று மே மாதம் அதில் எழுதியிருக்கிறான். மறுநாளே அட்மின் மட்டும்தான் பதிவிடலாம் என்று மாற்றிவிட்டார்கள். சில நாளில் அவனையும் நீக்கிவிட்டார்கள். அவன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, எங்களிடம் சொல்லவும் இல்லை.

எங்கள் ஊராட்சி தனி. தலைவர் எங்கள் தெரு அக்காதான். அட்மின்கள் கிளார்க்கும் துணைத் தலைவரும்.

"அக்கா, உனக்குக்கூடத் தெரியாதா?"

"தேதி தெரியும் தம்பி. குரூப்ல போட்டாச்சுன்னு கிளார்க் சொன்னாரு. நம்ம சனம் அதுல இருக்குதான்னு நான் கேக்கல." அக்காவிடம் இருப்பது பட்டன் போன்.

பெரியப்பாவிடம் சொன்னபோது சிரித்தார். "அடிச்சது கேவலந்தான்டா. ஆனா ஊர்ல எந்தச் சேதின்னாலும் மொதல்ல நமக்குத் தெரிஞ்சிரும்." தமுக்கு திரும்ப வேண்டும் என்று அவரும் சொல்லவில்லை.

இந்த முறை முகநூலில் எழுதவில்லை. தகவல் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பம் போட்டு, பக்கத்துக்கு இரண்டு ரூபாய் கட்டி, தீர்மானப் புத்தகத்தின் நகலையும் வருகைக் கையெழுத்தையும் வாங்கினோம். 501 முதல் 3,000 பேர் வரை உள்ள ஊராட்சியில் கிராம சபைக்கு 100 பேர் வர வேண்டும். கணக்கு சரியாகத்தான் இருந்தது. அதில் எங்கள் தெருப் பெண்கள் இருபது பேரின் கையெழுத்தும் இருந்தது! நூறு நாள் வேலை நடக்கும் இடத்தில், எதற்கு என்று சொல்லாமல் வாங்கியது.

தோழர்கள் அந்தச் சட்டத்தின் 4(4) பிரிவை ஒருமுறை படித்துவிடுங்கள். அரசு அலுவலகம் தகவலை வட்டார மொழியில், அந்தப் பகுதியில் எந்த வழி மக்களை நன்றாகச் சென்று சேருமோ அதைக் கணக்கில் எடுத்துப் பரப்ப வேண்டும் என்கிறது. அறிவிப்புப் பலகை, பொது அறிவிப்பு இரண்டும் அந்தப் பிரிவின் விளக்கத்திலேயே வருகின்றன. இதைக் காட்டி பி.டி.ஓ.வுக்கு மனு எழுதினோம். காலனி முகப்பில் நோட்டீஸ் ஒட்ட வேண்டும், ஒலிபெருக்கி வண்டி தெருவுக்குள் வர வேண்டும், குரூப்பில் போட்டது மட்டும் அறிவிப்பு ஆகாது. அக்காதான் முதல் கையெழுத்து. அதற்கு அவர் இரண்டு நாள் யோசித்தார். யோசிக்க அவருக்குக் காரணம் இருந்தது.

அக்டோபர் 2 கூட்டத்துக்கு ஆட்டோ வந்தது. தெருமுனையில் நின்றபடியே அறிவித்துவிட்டுக் கிளம்பப் பார்த்தது. பெரியப்பா எழுந்து போய், "உள்ள வந்து சொல்லுப்பா" என்றார்.

"வண்டி திரும்பாதுங்க."

"நான் நடந்தேதான் போனேன், உங்க தெரு பூராவும்."

ஆட்டோ உள்ளே வந்தது. கூட்டத்துக்கு எங்கள் தெருவிலிருந்து அறுபது பேர் போனோம். டேங்க் இன்னும் வரவில்லை. பழைய தீர்மானத்துக்கு எங்கள் ஆட்சேபணையைப் புத்தகத்தில் எழுத வைத்து, அக்கா அதைச் சத்தமாகப் படித்துக் காட்டிய பிறகுதான் கையெழுத்துப் போட்டோம்.