மெனு கார்டுக்குள்ளே கம்பம் பள்ளத்தாக்கு!

ஃப்ரெண்டுக்குப் பிறந்தநாள். ட்ரீட்டுக்காக 'பிஸ்ட்ரோ'னு போர்டு போட்ட கடைக்குள்ள நுழையறீங்க. மஞ்சள் வெளிச்சம், பூசாத செங்கல் சுவர், கரும்பலகையில சாக்பீஸால எழுதின ஸ்பெஷல் ஐட்டங்கள். மெனு கார்டைப் பிரிச்சதும் கண்ணு முதல்ல எங்கே போகும்? வலது பக்கம்... விலை இருக்கிற பக்கம்! அப்புறம்தான் இடது பக்கம். 'ஸ்வீடிஷ் கார்டமம் பன்', 'மஸ்கட் கிரேப் கூலர்', 'அரேபியன் காபி'... பேரே வாயில நுழையலையேனு பக்கத்துல இருக்கிறவனைப் பார்ப்பீங்க. அவன் ஏற்கெனவே உங்களைத்தான் பார்த்துட்டு இருப்பான்!

இனிமே முழிக்க வேண்டாம் பாஸ். அந்த கார்டுல இருக்கிற பல ஐட்டங்களுக்கு சொந்த பந்தம் எங்க பக்கம்தான். தேனி, போடி, கம்பம், குமுளினு ஒரே நாள்ல சுத்தி வந்துடலாம். கையில பஸ் காசும், வயித்துல கொஞ்சம் இடமும் இருந்தா போதும். வாங்க!

கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு விஷயம். பிஸ்ட்ரோங்கிறது பிரெஞ்சு வார்த்தை. பாரிஸ்ல தெருவுக்குத் தெரு இருக்கிற சின்ன சாப்பாட்டுக் கடைக்குத்தான் அந்தப் பேர். வீட்டுச் சமையல் மாதிரி சாப்பாடு, கையைக் கடிக்காத விலை, தினமும் வர்ற தெரிஞ்ச முகங்கள். 1814-ல் பாரிஸுக்குள்ள வந்த ரஷ்ய சிப்பாய்கள், சீக்கிரம் கொண்டு வாங்கனு அவங்க பாஷையில கத்தினதுதான் இந்தப் பேராச்சுனு ஒரு கதை உண்டு. ஆனா, அந்த வார்த்தை எழுத்துல வர்றதே 1880-கள்லதான். அதனால மொழி ஆராய்ச்சிக்காரங்க அந்தக் கதையை நம்பறதில்லை. எப்படியோ... பாரிஸ்காரங்களுக்கு பிஸ்ட்ரோன்னா, நமக்கு காலேஜ் பக்கத்து மெஸ். மேட்டர் அவ்வளவுதான்!

காலை: போடியில் ஒரு வாசனை

தேனியில இருந்து போடிநாயக்கனூர் சுமார் 15 கி.மீ. பஸ்லயும் போகலாம், ரயில்லயும் போகலாம். 1928-ல் மீட்டர்கேஜ்ல தொடங்கின மதுரை - போடி ரயில், அகலப்பாதை வேலைக்காக 2010 கடைசியில நின்னுபோச்சு. மறுபடி போடி ஸ்டேஷனுக்குள்ள ரயில் வந்தது 2023 ஜூன்ல. ஒரு முழு செட் பசங்க ஸ்கூல்ல சேர்ந்து, பிளஸ் டூவே முடிச்சிருப்பாங்க!

போடியில இறங்கினதும் போர்டைப் படிக்க வேண்டாம். மூக்கே வழி சொல்லும். ஏலக்காய்! மேலே இடுக்கி மலையில விளையுற ஏலக்காய்ல பெரும்பகுதி ஏலம் போறது ரெண்டே ஊர்ல. ஒண்ணு கேரளாவுல இருக்கிற புத்தடி, இன்னொண்ணு போடி. ஸ்பைசஸ் போர்டு ஏற்பாட்டுல நடக்கிற இந்த ஏலத்துல சுத்தியல் தட்டற சத்தம் கேட்காது. சாம்பிள் பாக்கெட்டைப் பிரிச்சு முகர்ந்து பார்த்துட்டு, கம்ப்யூட்டர்ல விலையை ஏத்துவாங்க வியாபாரிங்க. ஊருக்குள்ள பெண்கள் உட்கார்ந்து காயைச் சலிச்சு, பொறுக்கி, சைஸ் வாரியா பிரிப்பாங்க. 8 மில்லிமீட்டர் தாண்டின பச்சைக் காய்க்குத்தான் ராஜ மரியாதை.

இந்தக் காய் எங்கெல்லாம் போகுது தெரியுமா? சவுதியில விருந்தாளிக்குக் கொடுக்கிற 'கஹ்வா' காபியில ஏலக்காய் இல்லேன்னா அது மரியாதையே இல்லை. ஸ்வீடன், ஃபின்லாந்துல பன்னுக்கு ஏலக்காய்தான் உயிர். நாம பாயசத்துல ரெண்டு தட்டிப் போடறதை, அவங்க மாவுலயே போட்டுப் பிசையறாங்க. காமெடி என்னன்னா, நம்ம மலையில இருந்து போன இந்தச் செடி மத்திய அமெரிக்காவுல இருக்கிற குவாத்தமாலாவுல வேர் பிடிச்சு, இன்னிக்கு ஏற்றுமதியில நம்மளையே முந்திக்கிட்டு நிக்குது. இத்தனைக்கும் அந்த ஊர்க்காரங்க ஏலக்காயை அதிகமா சாப்பிடறதே இல்லை!

இதுக்குப் பின்னாடி ஒரு சீன் இருக்கு. அதைப் பார்க்கணும்னா விடிகாலை 5 மணிக்கே எந்திரிக்கணும். எங்க பக்கத்து ஊர்கள்ல ஜீப் ஹாரன் அடிச்சதும், தூக்குச்சட்டியோட பெண்கள் ஓடி வந்து ஏறுவாங்க. போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளினு மூணு மலைப்பாதையிலயும் ஜீப் ஏறும். மேலே ஏலத்தோட்ட வேலை. ஏலக்காய் மரத்துல தொங்கற காய் இல்லை. செடியோட அடியில, தரையை ஒட்டிப் படர்ற சரத்துல காய்க்கும். அதனால நாள் பூரா குனிஞ்சே எடுக்கணும். எல்லாம் ஒரே நேரத்துல பழுக்காது. அதனால அதே செடிக்கு ஒண்ணரை மாசத்துக்கு ஒரு தடவை திரும்ப வரணும். சுமார் 5 கிலோ பச்சைக் காயை உலர்த்தினா 1 கிலோ ஏலக்காய் கிடைக்கும். இருட்டறப்போ ஜீப் கீழே இறங்கும். மறுநாள் மறுபடி அதே ஹாரன்.

2019 ஆகஸ்ட்ல ஒரு கிலோ ஏலக்காய் அதிகபட்சமா 7,000 ரூபாய்க்குப் போய் ரெக்கார்டு வெச்சது. 2018 வெள்ளத்துலயும் அடுத்த வருஷ வறட்சியிலயும் செடி போனதால வந்த விலை அது. உடனே எல்லாரும் கடனை வாங்கி நட்டாங்க. 2022-ல் சராசரி விலை ஆயிரத்துக்கும் கீழே! ஆனா ஒண்ணு... விலை ஏழாயிரத்தைத் தொட்டப்போ குனிஞ்சு எடுக்கிறவங்க கூலி ஏழு மடங்கு ஆகலை. மெனு கார்டுல பன் விலை மட்டும் ரெண்டு வருஷமும் ஒரே மாதிரி கம்பீரமா இருந்திருக்கும்.

மதியம்: ஜன்னலோர சீட்

தேனிக்குத் திரும்பி கம்பம் பஸ் ஏறுங்க. சுமார் 40 கி.மீ. வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம்னு போகும். ரெண்டு பக்கமும் மலை, நடுவுல பச்சை. நெல், தென்னை, வாழை. இங்கே நிறைய தோட்டத்துல ஜி-9 வாழை. அதோட முழுப் பேர் 'கிராண்ட் நைன்'. பிரெஞ்சுல 'பெரிய குள்ளச்சி'னு அர்த்தம்! பனானா பிரெட், பனானா பான்கேக் எல்லாத்துக்கும் ஏத்த ரகம் இதுதான். பாருங்க, பிரெஞ்சு பேர் வெச்ச ஐட்டம் பஸ் ஜன்னலுக்கு வெளியிலயே நிக்குது.

பிஸ்ட்ரோவுல உட்கார்ந்ததும் சர்வர் கேட்கிற முதல் கேள்வி, 'மினரல் வாட்டரா, சாதா தண்ணியா?' எங்க பள்ளத்தாக்குல அந்தக் கேள்விக்குப் பெரிய பதில் இருக்கு. மலைக்கு மேலே பெரியாறு மேற்கே ஓடி அரபிக்கடல்ல கலக்கிற ஆறு. கிழக்கே நம்ம பக்கம் மழை மறைவுப் பிரதேசம். ஜான் பென்னிகுவிக்ங்கிற ஆங்கிலேய இன்ஜினீயர் தலைமையில அணை கட்டி, மலையைக் குடைஞ்ச சுரங்கம் வழியா தண்ணியைக் கிழக்கே திருப்பினாங்க. வருஷம் 1895. கம்பம் பள்ளத்தாக்குல மட்டும் 14,707 ஏக்கர்ல இருபோகம் நெல் விளையறது இந்தத் தண்ணியிலதான். அணை வேலையில காலராவும் மலேரியாவும் வாரிக்கிட்டுப் போன தொழிலாளர்கள் நிறைய. லோயர்கேம்ப்ல 2013-ல் பென்னிகுவிக்குக்கு மணிமண்டபம் திறந்தாங்க. பொங்கலுக்கு அவர் பேரைச் சொல்லிப் பொங்கல் வைக்கிற ஊர்கள் இருக்கு. இன்ஜினீயரிங் படிக்கிற மக்களே, அரியர் வெச்சு நொந்துபோய் இருக்கிறப்போ ஒரு தடவை அந்த மண்டபத்துக்குப் போய் நின்னுட்டு வாங்க. புரொஜெக்ட்னா என்னனு புரியும்!

சாயங்காலம்: பந்தலுக்குக் கீழே டெஸர்ட்

கம்பத்துல இறங்கி சுருளிப்பட்டி பக்கம் போனா, ரோட்டோரத்துலயே திராட்சைப் பந்தல். தலைக்கு மேலே கறுப்பும் ஊதாவுமா குலைகள். இதுதான் கம்பம் பன்னீர் திராட்சை. 2023-ல் புவிசார் குறியீடு வாங்கின பார்ட்டி. பல ஊர்கள்ல திராட்சைக்குன்னு ஒரு சீஸன் உண்டு. இங்கே கவாத்து பண்ணி சுமார் நாலு மாசத்துல அறுவடை. ஒவ்வொரு தோட்டத்துலயும் கவாத்து நாள் மாறும்ங்கறதால வருஷம் முழுக்க எங்கேயாவது ஒரு பந்தல்ல பழம் இருந்துக்கிட்டே இருக்கும்.

இதோட ஒரிஜினல் பேர் 'மஸ்கட் ஹாம்பர்க்'. ஆமாங்க, மெனு கார்டுல பார்த்த அதே 'மஸ்கட்'! 19-ம் நூற்றாண்டுல இங்கிலாந்துல ரெண்டு ரகத்தை ஒட்டுச் சேர்த்துப் பிறந்தது. அம்மா, அப்பா ரகங்கள்ல ஒண்ணுக்கு எகிப்து நகரம் அலெக்ஸாண்ட்ரியா பேர், இன்னொண்ணுக்கு ஜெர்மன் நகரம் ஹாம்பர்க் பேர். பிரான்ஸ்ல வான்டூ மலையடிவாரத்துல இதே ரகத்தை வளர்த்து, அவங்களும் ஊர்ப் பேர்ல முத்திரை வாங்கி வெச்சிருக்காங்க. சீனாவுல இதுக்கு என்ன பேர் தெரியுமா? 'ரோஜா வாசனை'. நாம வெச்ச பேர் பன்னீர்! ஒருத்தரை ஒருத்தர் கேட்காமலே, ரெண்டு நாட்டு நாக்கும் ஒரே முடிவுக்கு வந்திருக்கு.

இவ்வளவு பெருமை இருந்தும் சிட்டி சூப்பர் மார்க்கெட்ல இதைத் தேடித்தான் கண்டுபிடிக்கணும். காரணம், கொட்டை! தோலும் கொஞ்சம் தடிமன். கொட்டை இல்லாத பச்சைத் திராட்சைக்குக் கிடைக்கிற மவுசு இதுக்கு இல்லை. அறுவடை நேரத்துல மழை பெஞ்சா பழம் வெடிச்சுடும். பறிச்சாலும் ரொம்ப நாள் தாங்காது. அதனால வியாபாரி சொல்ற விலைதான் விலை. வாசனைக்குப் பேர் வாங்கின பழம், விலையில மட்டும் தலை குனிஞ்சு நிக்குது.

பசிக்குதா? கம்பத்துல இருட்ட ஆரம்பிச்சதும் பரோட்டாக் கல்லுல சத்தம் கேட்கும். ரெண்டு பரோட்டாவைப் பிச்சுப் போட்டு, சால்னாவை ஊத்துங்க. 'குளோபல் ஃபுட்'டுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. மைதாவுக்கான கோதுமை எங்க மண்ணுல விளையாது. சால்னாவுல இருக்கிற தக்காளியும் மிளகாயும் அமெரிக்கக் கண்டத்துல பிறந்து கப்பல் ஏறி வந்தது. பட்டை, கிராம்பு, ஏலக்காய் நம்ம பக்கத்து மலை. நம்ம ஆட்கள் கடல் தாண்டிப் போனப்போ கூடவே போன பரோட்டா, மலேசியாவுல 'ரொட்டி சானாய்', சிங்கப்பூர்ல 'பிராட்டா', இலங்கையில 'கொத்து ரொட்டி'. தெருமுனைக் கடை, தெரிஞ்ச முகம், கையைக் கடிக்காத விலை... பாரிஸ்காரங்க வந்து பார்த்தா, இதைத்தான் பிஸ்ட்ரோம்பாங்க!

ராத்திரி: பார்டர் தாண்டி

நிஜ 'ஸ்டைல்' கடையையும் பார்த்துடணுமா? கூடலூர், லோயர்கேம்ப் தாண்டி மலை ஏறினா குமுளி. அந்தப் பக்கம் தேக்கடி. பெரியாறு ஏரியையும் யானையையும் பார்க்க வர்ற வெளிநாட்டுப் பயணிகளுக்காக பாஸ்தா, பான்கேக், 'ஸ்பைஸ் டீ'னு மெனு வெச்சிருக்கிற கடைகள் அங்கே உண்டு. மெழுகுவத்தி வெளிச்சம், மூங்கில் நாற்காலி, மெல்லிசா ஒரு பாட்டு. போய் உட்காருங்க, தப்பே இல்லை. நல்ல சாப்பாட்டுக்கும் நல்ல இடத்துக்கும் ஆசைப்படறது நம்ம வயசுக்கு அழகுதான்.

ஆனா ஒண்ணு பண்ணுங்க. மெனுவை இந்தத் தடவை இடது பக்கத்துல இருந்து படிங்க. கார்டமம் டீயா? காலையில போடியில முகர்ந்தது. பனானா பான்கேக்கா? மதியம் ஜன்னல்ல பார்த்தது. கிரேப் ஜூஸா? சாயங்காலம் தலையில இடிச்சது. கடைக்கு வெளியில, காலையில மேலே போன ஜீப் கீழே இறங்கிக்கிட்டு இருந்திருக்கும். மெனுவுல இருக்கிறதையெல்லாம் விளைய வைக்கிற அக்காக்கள்ல எத்தனை பேர் இந்த நாற்காலியில உட்கார்ந்திருப்பாங்க?

இதுக்காக ட்ரீட்டை கேன்சல் பண்ணச் சொல்லலை. ரெண்டே ரெண்டு வேலை சொல்றேன். அடுத்த முறை எந்த ஊர் கடையா இருந்தாலும், 'இந்தத் திராட்சை எங்கேயிருந்து வருது? இந்த ஏலக்காய் எந்த ஊர்?'னு சர்வரைக் கேளுங்க. பத்துப் பேர் கேட்டா முதலாளி காதுக்குப் போகும், மெனுவுலயும் ஊர்ப் பேர் ஏறும். வெளிநாட்டுல அப்படித்தான் ஏத்தறாங்க. ரெண்டாவது, பழக்கடையில பன்னீர் திராட்சையைப் பார்த்தா கொட்டைக்கு பயந்து ஒதுங்காதீங்க. துப்பறதுக்கு ரெண்டு செகண்ட் போதும்!

தேனி, கம்பம் பக்கத்துல இருந்து வந்து சென்னை, கோவை ஹாஸ்டல்ல படிக்கிற நம்ம மக்களுக்கு ஸ்பெஷலா ஒரு வார்த்தை. அந்த மாதிரி கடையில உட்கார்ந்து பேரை உச்சரிக்கத் தெரியலைனு கூச்சப்படாதீங்க. 'மஸ்கட் ஹாம்பர்க்'கைச் சரியா சொல்றவனுக்கு அதோட கவாத்து எப்போனு தெரியாது. உங்களுக்குத் தெரியும்!

சரி, தேனி போற கடைசி பஸ் கிளம்பப் போகுது. கண்டக்டர் விசில் அடிச்சாச்சு. இடது பக்க ஜன்னல் சீட் காலியா இருக்கு... ஓடுங்க பாஸ்!